பனிக்கட்டியின் மேல் ஒரு வாத்தின் கால்

உறைந்த ஏரியின் மேல் ஒரு மல்லார்டு வாத்து வெகுநேரம் அசையாமல் நிற்கிறது. அதன் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். காலடியில் இருப்பதோ பனிக்கட்டி. இறகு மூடாத அந்தச் செம்மஞ்சள் பாதங்களின் வழியே உடற்சூடு முழுவதும் வடிந்துபோய்விடும் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஏனென்றால், பாதத்தை உடலளவுக்குச் சூடாக வைத்துக்கொள்ள வாத்து முயல்வதே இல்லை.

அதன் காலின் மேற்பகுதியில், உடலிலிருந்து சூடான இரத்தத்தைக் கீழே கொண்டுசெல்லும் தமனிகளும், பாதத்திலிருந்து குளிர்ந்த இரத்தத்தை மேலே கொண்டுவரும் சிரைகளும் ஒன்றையொன்று ஒட்டிப் பின்னிக் கிடக்கின்றன. இறங்கும் இரத்தம் போகும் வழியிலேயே தன் சூட்டை ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிடுவதால், பாதத்தைச் சேரும்போது அது நன்றாகக் குளிர்ந்திருக்கிறது. மேலே திரும்பும் இரத்தமோ வெதுவெதுப்பாகி உடலுக்குள் நுழைகிறது. இதை எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்பார்கள். பாதத்துக்கும் பனிக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு மிகக் குறைவாக இருப்பதால் இழப்பும் குறைவு. பாதத்தை இயக்கும் தசைகள் பெரும்பாலும் இறகுக்குள் மறைந்த மேற்காலிலேயே இருக்கின்றன. கீழே உள்ளவை எலும்பும் தசைநாணும் தோலுமே என்பதால், குளிர்ந்த பாதமும் தன் வேலையைச் செய்கிறது. குளிர் மேலும் கடுமையாகித் திசுவே உறைந்துவிடும் நிலை வந்தால், இரத்தக் குழாய்கள் விரிந்து சூடான இரத்தத்தைக் கூடுதலாக அனுப்புகின்றன. இந்த நுணுக்கமான கட்டுப்பாடுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

உடலைக் காப்பது இறகு. வெளியிறகுகளின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நீரைத் தடுக்க, அடியிலுள்ள மென்தூவி காற்றைச் சிறைப்பிடித்து வைக்கிறது. வாலடிச் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்து வாத்து இறகெங்கும் பூசுவது உண்மை. ஆனால் நீர் ஒட்டாமைக்கு எண்ணெய் மட்டுமே காரணம் என்பது சரியன்று. கோதிக் கோதிச் சீராக்கிய இறகின் அமைப்பே அதில் பெரும்பங்கு வகிக்கிறது. குளிர் மிகும்போது வாத்து ஒரு காலை வயிற்றிறகுக்குள் இழுத்துக்கொண்டு, அலகை முதுகிறகுக்குள் செருகிக்கொள்ளும்.

ஆகவே குளிரைவிடப் பசியே பெரிய ஆபத்து. நீர்ப்பரப்பு முழுவதும் உறைந்துவிட்டால் இரைக்கு வழியில்லை. நம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் நடு ஆசியாவின் உறைபனியைவிட்டு இமயத்தைக் கடந்தே தெற்கே வருகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஊப்பர் அன்னங்கள், வெந்நீர் ஊற்றுகளால் கரையோரம் உறையாத குஷாரோ ஏரியை நாடுகின்றன. கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற வட்டம் கொண்ட கண்ணாடி ஐடர் என்னும் கடல்வாத்துகள் குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்பது 1995 வரை புதிராகவே இருந்தது. செயற்கைக்கோள் வழியே தேடியபோது, அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் கடலின் பனிப்பாளங்களுக்கு நடுவே உள்ள சிறு திறப்புகளில் அவை பெருந்திரளாக நெருங்கி மிதப்பது தெரியவந்தது. அங்கிருந்து கடலடிக்கு மூழ்கிச் சிப்பிகளை எடுத்து உண்கின்றன. அத்தனை பறவைகளின் ஓயாத அசைவும் உடற்சூடும் அந்தத் திறப்பு உறைந்து மூடிவிடாமல் காக்க உதவுகின்றன.