எமுலேட்டர் முன்மாதிரி அல்ல, நிகரி

பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளின் விளையாட்டுகளைக் கைபேசியில் ஓட்டச் சொல்லித்தரும் தமிழ்க் காணொளிகளும் குறிப்புகளும் இப்போது நிறைய வருகின்றன. அப்படி ஓட்டித்தரும் மென்பொருளுக்குத்தான் எமுலேட்டர் என்று பேர். 2024இல் ஆப்பிளும் தன் செயலிக் கடையில் எமுலேட்டர்களை அனுமதித்த பிறகு காணொளிகள் இன்னும் கூடியிருக்கின்றன. தமிழில் வருவது நல்ல விஷயம்தான். ஆனால் பலவற்றில் எமுலேட்டர் வரவேண்டிய இடத்தில் 'முன்மாதிரி' வந்து நிற்கிறது. 'முன்மாதிரியைப் பதிவிறக்கவும்.' 'முன்மாதிரியில் விளையாட்டைத் திறக்கவும்.' 'சிறந்த பிஎஸ்பி முன்மாதிரி எது?' திரும்பத் திரும்பக் கேட்டு இதுவே சரியான தமிழ் என்று பிள்ளைகள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். இதற்குமேல் சும்மா இருக்க முடியாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ஈமுலுஸ் என்றால் போட்டியாளன், இன்னொருவனுக்கு ஈடாக நிற்க முயல்பவன். அதிலிருந்து வந்த எமுலேட் என்ற ஆங்கில வினைக்கு, ஒருவரைப் பார்த்து அவருக்கு இணையாக வர முயல்வது என்று பொருள். கணினித் துறைக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் 1960களின் ஐபிஎம் பொறியாளர்கள். 1964இல் சிஸ்டம்/360 என்ற புதிய கணினி வரிசையை ஐபிஎம் அறிவித்தபோது, பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை வைத்திருந்த வாடிக்கையாளர்கள் அவற்றைத் தூக்கிப் போடாமல் புதிய கணினியிலேயே ஓட்ட ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழிக்குத்தான் எமுலேட்டர் என்று பேர் வைத்தார்கள். பொருள் அன்றும் இதுதான், இன்றும் இதுதான்: ஒரு கருவிக்காக எழுதப்பட்டதை இன்னொரு கருவியில், அதே கருவியில் ஓடுவதுபோல ஓட வைப்பது.

பிஎஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பரில் ஜப்பானில் சோனி வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவி அது. அதன் சில்லு மிப்ஸ் வகை, உச்ச வேகம் 333 மெகாஹெர்ட்ஸ். நம் கைபேசிகளில் இருப்பது ஆர்ம் வகைச் சில்லு. இரண்டும் வேறு வேறு கட்டளை மொழி பேசுபவை. பிபிஎஸ்எஸ்பிபி என்ற மென்பொருள் நடுவில் உட்கார்ந்து, விளையாட்டு இடும் மிப்ஸ் கட்டளைகளை உடனுக்குடன் ஆர்ம் கட்டளைகளாக மாற்றிக் கைபேசியிடம் கொடுக்கிறது. பொத்தான், ஒலி, திரை எல்லாவற்றிலும் விளையாட்டு எதிர்பார்க்கும் பதிலைத் தருகிறது. தான் பிஎஸ்பியில் ஓடவில்லை என்பது விளையாட்டுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது முன்மாதிரிக்கு வருவோம். இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உறுதியாக இருக்கின்றன. ஒன்று, பிறர் பார்த்துப் பின்பற்றத் தக்கவர் அல்லது தக்கது. 'காமராசர் எளிமைக்கு முன்மாதிரி' என்கிறோம். இன்னொன்று, பொறியியலில் பெருமளவு உற்பத்திக்கு முன்னால் முதலில் செய்து பார்க்கும் ஒன்று. இரண்டிலும் முன்மாதிரி என்பது மூலம். மற்றவை அதைப் பார்த்து வருபவை. எமுலேட்டர் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. இங்கே மூலம் பிஎஸ்பி. அதைப் பார்த்து அதன்படி நடப்பது மென்பொருள். அதாவது முன்மாதிரி என்று யாரையாவது சொல்வதென்றால் பிஎஸ்பியைத்தான் சொல்லவேண்டும்! குருவுக்கும் சீடனுக்கும் பேரை மாற்றி வைத்துவிட்டார்கள்.

கோத்தகிரியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன் கேட்ட கேள்வி இதைவிடத் தெளிவு. "மாமா, முன்மாதிரின்னா மொதல்ல செஞ்சு பாக்குறதுதானே? அப்போ பிஎஸ்பி வர்றதுக்கு முன்னாடியே இது இருந்துச்சா?" பிபிஎஸ்எஸ்பிபி வெளிவந்தது 2012இல். பிஎஸ்பி வந்து எட்டு வருடம் கழித்து. பையனின் தமிழ் சரியாக இருக்கிறது. குறிப்பின் தமிழ்தான் அவனைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டது. இது சின்ன விஷயம் இல்லை. பள்ளியில் சரியாகக் கற்ற ஒரு சொல்லை, தொழில்நுட்பத் தமிழ் வந்து கலைக்கிறது என்றால், அந்தப் பிள்ளை நாளைக்குத் தொழில்நுட்பத்தைத் தமிழில் படிக்கவே கூச்சப்படுவான்.

எப்படி வந்தது இந்தத் தவறு? அகராதியில் அந்த ஆங்கில வினையைத் தேடினால் 'பின்பற்று', 'முன்மாதிரியாகக் கொள்' என்று கிடைக்கும். வினைக்கு அது சரியான விளக்கம். வினையிலிருந்து செய்பவனுக்குப் போகும்போது 'முன்மாதிரியாகக் கொள்வது' என்பதில் 'கொள்வது' உதிர்ந்துவிட்டது. உயிரை விட்டுவிட்டு உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, முன்மாதிரி வேண்டாம் என்றால் வேறு என்ன? அடுத்துப் பலரும் சொல்வது 'போலி', 'போலிச் செயலி'. இதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன், ஏனென்றால் இலக்கணத்தில் போலி அருமையான சொல். பந்தல் என்பது பந்தர் என்றும் வரும், ஐந்து அஞ்சு என்றும் வரும். ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து உட்கார்ந்தும் பொருள் கெடுவதில்லை, அதுதான் போலி. எமுலேட்டர் செய்வதும் அச்சாக இதே வேலைதான். ஆனால் இலக்கண வகுப்பைத் தாண்டி வந்தால் போலி என்ன ஆகிவிட்டது? போலி மருத்துவர், போலி ஆவணம், போலிப் பத்திரம். 'போலிச் செயலி' என்றாலே பணத்தைப் பறிக்கும் மோசடிச் செயலி என்றுதான் நாளிதழ் படிப்பவர் நினைப்பார். எமுலேட்டருக்கு அந்தக் கறை தேவையில்லை. சோனி நிறுவனமே தன் பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் மீது வழக்குப் போட்டு, 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காசு கொடுத்து வாங்காத விளையாட்டை நகலெடுத்து ஓட்டுவது தவறு. அது வேறு கணக்கு. ஓட்டும் மென்பொருளின் பேரிலேயே குற்றத்தை எழுதி வைக்கக்கூடாது.

மலை ரயிலில் வந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுவார்கள். அதே பெட்டி, அதே பயணிகள், ஊட்டிக்குப் போய்ச் சேர்கிறோம். அந்த டீசல் எஞ்சினைப் போலி எஞ்சின் என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே வேறு முறையில் இயங்கினாலும், அது இழுப்பது நிஜமான இழுப்பு.

இந்த 'நிஜம்' என்பதுதான் சிமுலேட்டரையும் எமுலேட்டரையும் பிரிக்கும் கோடு. விமானச் சிமுலேட்டரில் உட்கார்ந்தவர் எங்கேயும் பறப்பதில்லை. பறப்பதாகப் பாவித்துப் பழகுகிறார். அதற்குப் பாவனை என்ற சொல் பொருந்தும். எமுலேட்டரில் விளையாட்டு ஓடுவதாகப் பாவிக்கவில்லை, ஓடுகிறது. ஆகவே 'பாவனையாக்கி' என்று இதற்கு எழுதுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஈழத்தமிழில் பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர் என்று பொருள் என்பதால் அங்கே இன்னொரு குழப்பமும் சேரும்.

'போலியங்கி' என்று ஒரு நண்பர் சொன்னார். போல் இயங்குவது என்று பிரித்தால் அழகு. ஆனால் படிப்பவர் போலி அங்கி என்று பிரித்து, யாரோ கள்ள உடுப்புப் போட்டதாக நினைக்கவும் இடமிருக்கிறது. 'போன்மி' என்றும் வைக்கலாம், ஆனால் அதை மீமுக்கு என்று சிலர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

தொல்காப்பிய உவமவியலில் உவம உருபுகளின் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. போல, ஒப்ப, அன்ன என்று நமக்குப் பழகியவற்றோடு, எள்ள, வெல்ல, உறழ, நிகர்ப்ப என்றும் வருகின்றன. எள்ளுவது, வெல்லுவது, உறழுவது எல்லாம் போட்டிக்காரன் செய்யும் வேலைகள். ஒன்றைப் போல இருப்பதும் அதனோடு போட்டிக்கு நிற்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கும் என்று தமிழும் கண்டிருக்கிறது, லத்தீனும் கண்டிருக்கிறது. இந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வெளியே எங்கேயும் போய்த் தேடவேண்டாம்.

இதில் 'உறழ்' பொருளால் மிக நெருக்கமானது. உறழி என்று வைக்கலாம். ஆனால் இன்று அதைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை, றகரமும் ழகரமும் அடுத்தடுத்து வருவதால் நாக்கும் திணறும். தூய்மைக்காகப் புரியாத சொல்லைத் திணிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. 'நிகர்' அப்படி இல்லை. நிகரான, நிகரற்ற என்று எல்லோரும் சொல்கிறோம். நிகரற்றவர் என்றால் ஈடும் இல்லாதவர், எதிரியும் இல்லாதவர். இரண்டு பொருளும் அதில் உயிரோடு இருக்கின்றன. கணினித் தமிழில் 'மெய்நிகர்' ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஆகவே எமுலேட்டருக்கு 'நிகரி' என்பதே என் முடிவு. செயலி, உலாவி, வருடி வரிசையில் அதுவும் ஒன்றாக உட்காரும். வினையும் கூடவே கிடைக்கிறது: பிபிஎஸ்எஸ்பிபி பிஎஸ்பியை நிகர்க்கிறது.

சொல் வேலைக்கு ஆகுமா என்பதை அமைக்கும் முறையை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பிபிஎஸ்எஸ்பிபி ஒரு கட்டற்ற மென்பொருள். முதலில் அந்த நிகரியை நிறுவுங்கள். திறந்ததும் தரவு வைக்க ஒரு கோப்புறையைக் கேட்கும். ஒன்றை உருவாக்கிக் காட்டுங்கள். பிஎஸ்பியின் உள்மென்பொருள் கோப்பு எதுவும் தனியாகத் தேவையில்லை, அந்த வேலையையும் நிகரியே பார்த்துக்கொள்ளும். உங்கள் சொந்த வட்டிலிருந்து எடுத்த ஐஎஸ்ஓ அல்லது சிஎஸ்ஓ கோப்பைக் கைபேசியில் போட்டு, நிகரிக்குள்ளிருந்து தேர்ந்தெடுங்கள். பிஎஸ்பியின் திரை 480×272 புள்ளிகள்தான். நிகரி அதை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நுட்பமாக வரையக்கூடியது. படம் தடுமாறினால் மடங்கைக் குறையுங்கள். படம் வரையும் முறைகளான வல்கன், ஓப்பன்ஜிஎல் இரண்டில் உங்கள் கைபேசியில் எது சீராக ஓடுகிறதோ அதை வையுங்கள். பிரேம்களைத் தாண்டிவிடும் வசதியைக் கடைசியில் தொட்டால் போதும். அப்புறம், நிகரி ஆட்டத்தை எந்த நொடியிலும் அப்படியே உறையவைத்துச் சேமிக்கும். ஆனால் நிகரியின் பதிப்பு மாறினால் அந்தச் சேமிப்பு திறக்காமல் போகலாம், அதனால் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பையும் விடாதீர்கள். இவ்வளவுக்கும் இணையம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை எங்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம்தான் வலுத்துப் பெய்யும். ஐப்பசியில் டவர் போய்விடும் நாட்களில் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

'நிகரி' வரும் இடங்களில் எல்லாம் முன்மாதிரியைப் போட்டுப் படித்துப் பாருங்கள். எந்த வாக்கியமும் நிற்காது.

முன்மாதிரி தனியாகவும் வருவதில்லை, கூட்டத்தோடு வருகிறது. கையடக்கக் கன்சோலுக்குப் 'பணியகம்' என்கிறார்கள். பணியகம் என்றால் அலுவலகம். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று ஓர் அரசு நிறுவனமே இருக்கிறது. படத்தின் நுட்பத்தைக் குறிக்கும் இடத்தில் 'தீர்மானம்' என்று ஒரு குறிப்பில் கண்டேன். தீர்மானம் ஊராட்சியில் நிறைவேற்றுவது. இங்கே வேண்டியது பிரிதிறன். ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கும் பொத்தானுக்கு 'மாநிலத்தைச் சேமி' என்றும் எழுதியிருந்தார்கள். கருவியை ஒருமுறை கையில் எடுத்து, அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்த எவரும் இப்படி எழுதமாட்டார். இயந்திரம் மொழிபெயர்த்ததை ஒரு மனிதர்கூடப் படித்துப் பார்க்காமல் வெளியிடுகிறார்கள். தமிழில் மென்பொருள் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதைக் கொடுப்பது அவமதிப்பு.

நிகரிக்கும் ஒரு தடை சொல்லலாம். 'நிகர லாபம்' என்று கணக்கியலில் வேறு பொருளில் வருகிறதே என்று கேட்பார்கள். அது நிகர என்ற பெயரடையாக, லாபம், வருமானம், எடை போன்றவற்றின் முன்னால் மட்டும் வருவது. நிகரி என்று இகரம் ஏறிப் பெயராக நிற்கும்போது யாரும் லாபக் கணக்கை நினைக்கப்போவதில்லை. நிகரி பிடிக்காதவர்கள் எமுலேட்டர் என்றே தமிழ் எழுத்தில் எழுதட்டும். பஸ், டிக்கெட்டைப் போல அதுவும் புழங்கிவிட்டுப் போகட்டும். முன்மாதிரியை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்குத் தமிழில் வேறு வேலை இருக்கிறது.