முகப்பருக் குளிசையும் கருவின் வான்கதவும்

மட்டக்களப்பில் மருந்தாளராகப் பணிபுரியும் எனக்கு, கலியாண நாள் நெருங்கிய பிள்ளைகள் பழைய மருந்துத் துண்டை நீட்டி, முன்பு எடுத்த முகப்பருக் குளிசையையே மீண்டும் கேட்பது பழகிப்போன காட்சி. "மகள், கலியாணம் எப்ப?" என்று நான் கேட்டால், முகப்பருவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு.

அந்த மருந்து ஐசோட்ரெற்றினோயின். விற்றமின் ஏயின் உறவுப் பொருளான இது, உடலுக்குள் ரெற்றினோயிக் அமிலமாக மாறக்கூடியது. அந்த அமிலமோ, கருவின் பல கலங்களுக்கு அவை நிற்கும் இடத்தை உணர்த்தும் சமிக்ஞை. அதன் அளவு இடத்துக்கிடம் கூடிக் குறைவதைக் கொண்டே பின்மூளையின் பகுதிகள் வரிசைப்படுகின்றன.

இந்த அமிலத்தின் மூலப்பொருளான விற்றமின் ஏ, தாயின் உணவில் நாளுக்கு நாள் கூடிக் குறைந்தாலும் இந்த வரிசை குலைவதில்லை. அமிலம் கூடும்போது, தன்னைச் சிதைக்கின்ற சைப்26 என்னும் நொதியை ஆக்கும் மரபணுவை அதுவே தூண்டிவிடுகிறது. அமிலம் குறைந்தால் நொதியும் குறைகிறது. வரிக்குதிரை மீன் கருக்களில் செய்து 2007இல் வெளியான ஆய்வொன்று, இந்தப் பின்னூட்டமே அமிலப் பரவலை நிலைநிறுத்துகிறது என்று காட்டியது. உன்னிச்சைக் குளத்தில் நீர் ஏறினால் வான்கதவைத் திறப்பதும், இறங்கினால் மூடுவதும் போன்றது இது என்றால் நம்மூர் விவசாயிக்கு வேறு விளக்கம் தேவையில்லை. சிறு குழப்பங்களைத் தாங்கிக்கொண்டு கரு ஒரே தடத்தில் வளரும் இயல்புக்கு, 1942இல் உயிரியலாளர் கொன்ராட் வடிங்டன் வாய்க்காலை நினைவூட்டும் 'கனலைசேசன்' என்ற பெயரைத்தான் சூட்டினார்.

ஆனால் வான்கதவுக்கும் ஓர் எல்லை உண்டு. குளிசையாக விழுங்கும் அளவு, உணவால் ஏற்படும் ஏற்ற இறக்கத்தைப் போன்றதன்று. அது நாள்தோறும் வரும் வெள்ளம். இதைவிட வியப்பானது, எலிக் கருக்களில் கண்டறியப்பட்ட எதிர்விளைவு: மிகையை அடக்க எழுந்த பின்னூட்டம் மிகை தீர்ந்த பின்னும் தணியாமல், அமிலத்துக்குப் பஞ்சத்தை உண்டாக்கிவிடுகிறது. வெள்ளத்துக்குத் திறந்த கதவை மூடாமல் விட்டுச் சிறுபோகத்துக்கு நீரில்லாமற் போவதைப் போன்றது அது. மனிதரில் இம்மருந்து காது, இதயம், மூளை ஆகியவற்றில் பிறவிக் குறைபாடுகளை ஏற்படுத்துவதை மருத்துவர் எட்வர்ட் லாமரும் சகாக்களும் 1985இல் விரிவாகப் பதிவுசெய்தனர். இவ்வுறுப்புகளுக்கு அடித்தளம் இடப்படும், கருத்தரித்த பின்னான மூன்றாம், நான்காம், ஐந்தாம் வாரங்களில், பல பெண்கள் மாதவிடாய் தள்ளிப்போனதையே கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே இம்மருந்தை நிறுத்தியிருக்க வேண்டும். எடுக்கும் காலத்தில் நம்பகமான கருத்தடை அவசியம். தங்கைக்கோ தோழிக்கோ பகிர்ந்துகொள்ளவே கூடாது. இரத்தம் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்படக்கூடும் என்பதால், எடுக்கும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் இரத்ததானமும் ஆகாது. எடுத்துக்கொண்டிருக்கையில் கரு தங்கியது தெரிந்தால், உடனே நிறுத்தி, தாமதியாமல் வைத்தியரைக் காண வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு முருங்கையிலையையும் கரட்டையும் ஒதுக்கியவர்களையும் கண்டிருக்கிறேன். அது வீண் பயம். அவற்றிலுள்ள பீற்றா கரோட்டினை நம் குடல் தேவைக்கேற்பவே விற்றமின் ஏயாக மாற்றுகிறது. உடலில் போதியளவு இருந்தால் அம்மாற்றத்தை மட்டுப்படுத்தவும் அங்கே ஒரு பின்னூட்டம் இருக்கிறது.