கடல் ஏன் உள்வாங்கவில்லை?

"2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மழைநீரைக் கடல் உள்வாங்கவில்லை என்றார்களே, அவ்வளவு பெரிய கடலுக்கு நம்ம ஊர்த் தண்ணீர் எம்மாத்திரம்?" என்று வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்த நாள்களில் இது வெறும் சாக்கு என்று கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். கடல் மாதாவின் சீற்றம் என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. இதை எளிய கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். சென்னை கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 6, 7 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கடலிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 6 மீட்டர் உயரத்தில் ஒரு தெரு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் சரிவு. வேளச்சேரி போன்ற தாழ்ந்த இடங்களில் அதுவும் இல்லை. இந்த மெல்லிய சரிவை நம்பித்தான் மழைநீர் வடிகால்கள் அத்தனையும் இருக்கின்றன.

புயல் வரும்போது கடல்மட்டமே உயர்ந்துவிடுகிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலெழும். அதோடு பெரிய அலைகள் ஓயாமல் கரையில் மோதித் தண்ணீரைக் குவிக்கும். மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் நமக்குக் கிழக்கே மெதுவாக ஊர்ந்துவிட்டு, 5-ஆம் தேதிதான் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறியது. அதுவரை ஆறு வந்து சேரும் இடத்திலேயே தண்ணீர் உயர்ந்து நின்றது. பள்ளம் மேடாகிவிட்டால் வடிகால் எவ்வளவு அகலமாக இருந்து என்ன பயன்? எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய வடிகாலின் மூடித் துளைகள் வழியே, உள்ளே போக வேண்டிய தண்ணீர் கொப்பளித்து மேலே வந்ததை அன்று கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலின் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், அஷ்டமியை ஒட்டிச் சிறிதாக இருக்கும். சென்னையில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். மிக்ஜாம் வந்தது தேய்பிறை அஷ்டமியை ஒட்டி. நிலா நமக்குச் சாதகமாக இருந்த நாள்களிலேயே இந்தப் பாடு! அதே புயல் எட்டு நாள் கழித்து அமாவாசையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: அடையாறு முகத்துவாரம். மழை இல்லாத ஒரு காலையில் திரு.வி.க. பாலத்தில் நின்று, ஆற்றில் மிதக்கும் ஒரு ஆகாயத்தாமரைக் கொத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். முகத்துவாரம் திறந்திருந்து, அது கடல் ஏறும் நேரமாகவும் இருந்தால், கொத்து கடலை விட்டு மேற்கே, சைதாப்பேட்டைப் பக்கம் நகரும். ஆறு பின்னோக்கி ஓடுகிறது! ஆறு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், அந்தத் தாமரை கிழக்கே போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தில் கடல் உள்ளே வருகிறது, வற்றத்தில் வெளியே போகிறது. நாளுக்கு இரண்டு முறை கழிமுகம் மூச்சு விடுகிறது.

இந்த மூச்சுதான் ஆற்றின் வாயைத் திறந்து வைக்கிறது. நம் கரையோரம் அலைகள் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வழியில் ஆற்றின் வாய் வந்தால் அங்கும் குவிந்து மேடாகப் பார்க்கும். வற்றத்தின்போது குறுகிய வாய் வழியே வேகமாக வெளியேறும் நீர் அந்த மணலை அரித்துத் தள்ளிவிடும். அந்த வேகம் எதைப் பொறுத்தது? ஒவ்வொரு ஏற்றத்திலும் எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்து தங்க இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நுரையீரல் பெரிதாக இருந்தால் மூச்சு பலமாக இருக்கும். கழிமுகத்தின் ஓரச் சதுப்பைக் கட்டடக் கழிவு கொட்டி நிரப்பினால் நுரையீரல் சுருங்கும், மூச்சு குறையும், மணல் வென்றுவிடும், வாய் அடைபடும். சதுப்பில் இழக்கும் ஒவ்வொரு ஏக்கரும் முகத்துவாரத்தில் மணலாக வந்து நிற்கிறது. அடையாறு உப்பங்கழியை மீட்டுத் தொல்காப்பியப் பூங்கா அமைத்ததைப் பறவைகளுக்கான வேலை என்று மட்டும் நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

கூவத்தின் நிலை இன்னும் மோசம். 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, வடக்கே போக வேண்டிய மணல் அதன் சுவரில் தடுக்கப்பட்டு மெரினாவாக விரிந்தது. ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. நேப்பியர் பாலத்தருகே இருக்கும் கூவத்தின் வாய் சரியாக அந்த மணல் சேரும் மூலையில் மாட்டிக்கொண்டது. அதனால்தான் பருவமழைக்கு முன் பொக்லைன் வந்து வாரிப்போட, அலை மறுபடியும் கொண்டுவந்து சேர்க்கிறது. வாருவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மணல் எந்த மாதம் எவ்வளவு நகர்கிறது என்று ஆண்டு முழுக்க அளக்கும் கருவிகளுக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் இளம் ஆய்வாளர்களின் சம்பளத்துக்கும் நிலையான பணம் ஒதுக்க வேண்டும். வெள்ளம் வந்த ஆண்டு நிதி, வறண்ட ஆண்டு மறதி என்றிருந்தால் அறிவியல் வளராது.

நகரத்தின் திட்டங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். கொசஸ்தலையாறு, கோவளம் வடிநிலங்களில் வடிகால்கள், கிண்டி ரேஸ் கிளப் நிலத்தில் வெட்டிய குளங்கள், மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சித் தேக்கும் பஞ்சுப் பூங்காக்கள், மழையளவையும் கடல்மட்டத்தையும் சேர்த்துக் கணித்து முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடு. வடிகால் தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்கு அனுப்புகிறது. குளமும் பூங்காவும் அதைக் காத்திருக்க வைக்கின்றன. என் கட்சி இரண்டாவது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர். கடல் வற்றும்வரை அதில் ஒரு பங்காவது தங்க இடம் வேண்டும். மிக்ஜாம் போல இரண்டு நாள் கடல் வழிவிடாத புயலுக்குச் சிறு குளங்கள் மட்டும் போதாது, பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போன்ற பெரிய இடம் வேண்டும். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் 2022-இல் அதற்குக் கிடைத்தது. ஆனாலும் மிஞ்சியிருப்பது பழைய சதுப்பின் சிறு பகுதிதான். வேளச்சேரி வாசகியின் வீட்டுத் தண்ணீர் அங்கே போய்த் தங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு வரை நடந்துதான் கடலைப் பார்க்கிறது. அந்த வழியின் கடைசியிலும் ஒரு முகத்துவாரம் இருக்கிறது, அங்கும் மணல் சேர்கிறது.