மதில்மேல் மர வேலி: கம்பம் நிற்கும், சுவர் நிற்குமா?

புயல் ஓய்ந்த மறுநாள், மதிலோடு சரிந்து கிடக்கும் மர வேலியைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் கம்பம் முறிந்திருக்காது, போல்ட்டும் பிடுங்கியிருக்காது. கம்பத்தின் காலில் இரும்புத் தகடு, தகட்டோடு கோப்பிங் (சுவரின் தலையை மூடும் பட்டை), கோப்பிங்கின் அடியில் ஒட்டியபடி ஒரு வரிசைச் செங்கல் என்று எல்லாம் ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்திருக்கும். செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். மேல்நோக்கி இழுத்தால் கலவை விட்டுவிடும். சுவரின் தலையில் தகடு வைத்துக் கம்பம் நிறுத்தும்போது நாம் செய்வது அந்த இழுப்பைத்தான்.

கணக்கு எளிது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி புதுச்சேரிக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 1 சதுர மீட்டர் பரப்பில் விழும் அழுத்தம் தோராயமாக 150 கிலோ. 3 அடி உயர வேலி, 6 அடிக்கு ஒரு கம்பம், இடைவெளியில்லாத பலகை என்றால் ஒரு கம்பத்தின் மேல் சுமார் 250 கிலோ விழும். அது தகட்டிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தள்ளுகிறது. தகட்டில் போல்ட்டுகளுக்கிடையே 4 அங்குலம்தான் இருக்கிறது என்றால், பின்பக்க போல்ட்டுகளில் ஒரு டன்னுக்கு மேல் இழுப்பு வரும். எவ்வளவு விலை உயர்ந்த ஆங்கர் (சுவருக்குள் பிடிக்கும் போல்ட்) வாங்கினாலும் அதைப் பிடித்திருப்பது ஒரு வரிசைச் செங்கல்தானே.

சுவரின் கடைக்காலுக்கும் இதே கதைதான். 5 அடி மதிலின் மேல் 3 அடிக்கு அடைத்த பலகை வைத்தால், காற்று சுவரைக் கவிழ்க்கும் விசை இரண்டரை மடங்காகிறது. பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு மரப்பட்டி அடித்தால் ஒன்றே முக்கால் மடங்கு. ஆகவே 3 அங்குலப் பட்டிக்கு 3 அங்குல இடைவெளி கட்டாயம். நிழலுக்கு என்று பின்னால் பச்சை வலையோ படுதாவோ கட்டினால் அடைத்த பலகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்ததும் புதுச்சேரி அருகில்தான். இங்கே புயலை எதிர்பார்த்துத்தான் வேலி போட வேண்டும்.

மரம் வாங்கப் போகும் முன் சுவரைப் பாருங்கள். தூக்குக் குண்டு விட்டதில் 5 அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் வேலி வேண்டாம். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலோர மணல் தரையில் மழைநீர் கடைக்காலை அரித்திருக்கிறதா என்று ஓரமாகத் தோண்டிப் பார்க்க வேண்டும். புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டைப் போடவே கூடாது. காரை மென்மையானது, உள்ளே விரியும் போல்ட் சுற்றியுள்ள கல்லைப் பிளந்துவிடும். ஹாலோ பிளாக் சுவரும் அப்படித்தான், டிரில் நேராகப் பொந்துக்குள் போய்விடும்.

9 அங்குலச் சுவர் நல்ல நிலையில் இருந்தால், கம்பத்தைச் சுவரின் உட்பக்கத்தோடு சேர்த்துப் பூட்டுவதே சரி. கம்பம் 4க்கு 3 அங்குலம், 4 அங்குலப் பக்கம் சுவருக்குக் குறுக்காக. மொத்த நீளம் ஐந்தரை அடி: மேலே 3 அடி, சுவரோடு இரண்டரை அடி. மேல் போல்ட் கோப்பிங்குக்கு 9 அங்குலம் கீழே, அதாவது மூன்று வரிசைக் கல்லுக்கு அடியில். அடுத்தது அதற்கு 18 அங்குலம் கீழே. 4 அங்குலத்துக்குப் பதில் 18 அங்குலப் பிடி கிடைப்பதாலும் காற்று பாதியாவதாலும் ஒரு டன் இழுப்பு முந்நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதுவும் சுவரின் முழு கனத்தையும் ஊடுருவிய இழுப்பு.

கோப்பிங் 2 அங்குலம் துருத்திக்கொண்டிருந்தால் அதை வெட்டாதீர்கள். ஒவ்வொரு போல்ட் இடத்திலும் கம்பத்துக்குப் பின்னால் அதே கனத்தில் ஒரு மரக்கட்டை கொடுங்கள். இந்தக் கணக்கில் 12 மி.மீ. மரை ராடு ஒவ்வொன்றும் 18 அங்குலம் வரும், கம்பத்துக்கு இரண்டு. வெளிப்பக்கம் 4 அங்குலச் சதுரத்தில் 6 மி.மீ. தகடு. வெறும் வாஷர் வைத்தால் பூச்சுக்குள் புதைந்துவிடும். ராடு, நட்டு, தகடு எல்லாமே எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம்) ஆக இருக்கட்டும், கடல் காற்றில் 304 ரகத்திலும் பழுப்புப் புள்ளி விழும். சாதா இரும்பைச் சேர்க்கவே வேண்டாம். துரு ஊதிப் பெருத்து, உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். போல்ட்டைச் சுற்றித் தேநீர் நிறத்தில் ஒரு கோடு வடிந்திருந்தால் அந்த வேலை உள்ளே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

துளை 14 மி.மீ., உள்ளிருந்து வெளியே, சற்றே கீழ்நோக்கிச் சரிவாக. அப்போதுதான் நுழைந்த தண்ணீர் வெளியே வடியும். கடைசி ஓர் அங்குலத்தில் டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறுமனே சுழலவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிப்பூச்சு தட்டளவுக்குப் பெயரும். தூசியை ஊதிவிட்டு, ராடைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும் கலவை) நிரப்புங்கள். அது இறுகிய பிறகே நட்டை முடுக்க வேண்டும்: தகடு சுவரில் பதிந்ததும் அரைச்சுற்று போதும். வெளித்தகடு பக்கத்து மனையில் இருக்கப் போகிறது என்றால் அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாலரை அங்குலச் சுவரில் இதைச் செய்யவே கூடாது. சுவரைத் தொடாமல், 2 அங்குலம் தள்ளித் தரையிலிருந்தே 2 அங்குல ஜி.ஐ. பைப் (மீடியம் கிளாஸ்) எழுப்புங்கள். குழி ஒன்றரை அடிச் சதுரம், 3 அடி ஆழம், மணலானால் மூன்றரை அடி. கான்கிரீட் 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி). பைப்புக்குப் பைப் 4 அடி, மதிலுக்கு மேல் 2 அடி உயரம், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மரப்பட்டியை அந்தப் பைப்பில் பூட்டலாம்.

மரத்தில் தேக்கின் வைரம் (முற்றிய நடுப்பகுதி) முதல் தேர்வு, அடுத்து வேம்பு. சவுக்கு மலிவாகக் கிடைக்கும். பட்டையை முழுக்க உரித்த பிறகே போடுங்கள், பட்டைக்கு அடியில்தான் கரையான் ஏறும். கம்பத்தின் தலையைச் சரிவாக அறுத்துவிடுங்கள். அறுத்த முனையும் போல்ட் துளையும்தான் தண்ணீர் குடிக்கும் வாய்கள். அங்கே பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரி ஓட்டு எண்ணெயை இரண்டு தடவை தடவலாம். தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும், ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

முதல் கோடையில் மரம் சுருங்கி நட்டு தளரும். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னால் கம்பத்தின் தலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். கம்பம் மட்டும் ஆடினால் நட்டை முடுக்குங்கள். கம்பத்தோடு சுவரும் ஆடினால் அன்றைக்கே பட்டிகளைக் கழற்றிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.