மறைந்தவரை வரையச் சொல்லும்முன் எந்த வயது என்று முடிவு செய்யுங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு ஃபோட்டோவை அனுப்பிவிட்டு, "இதை அப்படியே பெரிசா ஆயில் பெயின்டிங்கா போட்டுக் குடுங்க" என்று கேட்பவர்கள்தான் என்னிடம் அதிகம். படத்தில் இருப்பவர் மறைந்த தலைவராகவோ சங்கத்தை நிறுவியவராகவோ இருப்பார். எந்த வயதில் வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

அவர்களுக்கு ஜெனெட் ராங்கினின் படத்தைத்தான் காட்டுவேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலமாக ஆவதற்கு முன்பே, 1880இல், மிசூலா பக்கத்துப் பண்ணையில் பிறந்தவர். மொன்டானா பெண்களுக்கு 1914இல் வாக்குரிமை வந்தது. 1916 தேர்தலில் ஜெயித்து, அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் போன முதல் பெண் இவர். நாடு முழுக்கப் பெண்கள் வாக்களிக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்காக ஓவியர் ஷாரன் ஸ்ப்ரங் இவரை வரைந்தது 2004இல். ராங்கின் இறந்ததோ 1973இல்.

எந்த ராங்கினை வரைவது? 1917 ஏப்ரல் 2ஆம் தேதி பதவியேற்ற 36 வயதுக்காரர் ஒருவர். நான்கே நாளில் முதல் உலகப் போரில் இறங்குவதை எதிர்த்து வாக்களித்த ஐம்பது பேரில் அவரும் இருந்தார். அப்புறம் 1941 டிசம்பர் 8. ஜப்பான்மீது போர் அறிவிக்க 388 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று 61 வயது ராங்கின். ஆத்திரக் கூட்டத்திடமிருந்து தப்பி டெலிபோன் கூண்டுக்குள் அவர் நிற்கும் ஃபோட்டோ இன்றும் இருக்கிறது.

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேபிட்டலில் உள்ள அவரது வெண்கலச் சிலையின் பீடத்தில் 'போருக்கு என்னால் வாக்களிக்க முடியாது' என்ற அவரது வாக்கியம் இருக்கிறது. ஸ்ப்ரங்கின் ஓவியமோ பதவியேற்ற முதல் நாளை எடுத்துக்கொண்டது, கையில் செய்தித்தாளோடு. என்னைக் கேட்டால் அந்த டெலிபோன் கூண்டு முகத்தைத்தான் வரைய ஆசை. ஆனால் முதல் பெண் உறுப்பினரைக் கௌரவிக்கும் படத்துக்கு 1917தான் சரி. எதற்காகக் கௌரவிக்கிறோம் என்று தெரிந்தால் வயது தானாக முடிவாகிவிடும்.

அடுத்த தலைவலி நிறம். செயலியில் கலர் ஏற்றிய பழைய படங்களை இப்போது நிறையப் பேர் அனுப்புகிறார்கள். அந்தக் கலர் முழுக்க ஊகம். பாட்டியின் சேலைக் கரை அரக்கா பச்சையா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்து ஃபிலிம் பலவும் சிவப்பை உணராதது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும், உதடும் தோலும் இருண்டு தெரியும். போதாததற்கு ஸ்டுடியோக்காரர் நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கங்களை மறைத்திருப்பார். அதனால் பெட்டியில் பழைய துணி இருந்தால் கொண்டுவாருங்கள், நேரில் பார்த்த பெரியவர்களிடம் நிறம் கேட்டு வையுங்கள்.

ஃபிரேம் போட்ட படத்தை அப்படியே ஃபோன் கேமராவில் எடுக்காதீர்கள். கண்ணாடி மின்னும், சந்தனமும் குங்குமமும் நெற்றியை மறைக்கும். வெளியே எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். பக்கவாட்டுப் படமோ குரூப் ஃபோட்டோவோ கிடைத்தால் இன்னும் நல்லது, மூக்கும் தாடையும் அதில்தான் பிடிபடும்.

பென்சில் கோட்டுநிலையிலேயே ஒருவர் மட்டும் ஒப்புதல் சொல்லட்டும். கமிட்டி முழுக்கக் கருத்துச் சொன்னால் முகம் யாருடையதாகவும் இருக்காது. திறப்பு விழாத் தேதியைக் குறிக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கனமாகப் பூசிய ஆயில் பெயின்ட் உள்ளே காய ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். கடைசி வார்னிஷை அதற்கப்புறம்தான் பூசுவோம். அதுவரை படத்தின் மேல் மாலை வேண்டாம்.