இயல்பிழந்த புரதம்: அறுந்ததா, அவிழ்ந்ததா?

தோசைக்கல்லில் முட்டையை உடைத்து ஊற்றிவிட்டு ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடி போலிருந்த வெள்ளைக்கருவின் விளிம்பில் முதலில் பால் நிறத்தில் ஒரு கோடு விழும். அது மெல்ல உள்ளே நகர்ந்து மஞ்சள் கருவை வளைத்துக்கொள்ளும். அந்தக் கோடு நகர நகர நடப்பதற்கு உயிர்வேதியியலில் 'இயல்பிழத்தல்' என்று பெயர். கல்லூரியில் டீநேச்சுரேஷன் என்பார்கள்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். அது தனக்கே உரிய விதத்தில் மடிந்து சுருண்டால்தான் வேலை செய்யும். அந்த மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் வலுவற்ற பிணைப்புகள். சூடு, அமிலம், யூரியா, ஆல்கஹால் எது பட்டாலும் அவை நெகிழ்ந்துவிடும். கொசுவம் அவிழ்ந்த சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு போயிற்று, ஆனால் ஓர் இழைகூட அறவில்லை. இயல்பிழத்தலும் அப்படித்தான்: அமினோ அமிலங்களைக் கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்புகள் அப்படியே இருக்கும்.

அப்படியானால் முட்டை ஏன் கெட்டியாகிறது? மடிப்புக்குள் ஒளிந்திருந்த, தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் வெளியே வந்து பக்கத்துச் சரங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. வலை போல ஒரு பின்னல் உருவாகித் தண்ணீரைச் சிறைப்பிடிக்கிறது. அதில் ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது.

இயல்பிழத்தல் என்ற சொல்லைச் 'சிதைவு' என்று புரிந்துகொள்வதால்தான், வேகவைத்தால் சத்து போய்விடும் என்று பச்சை முட்டை குடிக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அவிழ்ந்த சரத்தைச் செரிமான நொதிகள் எளிதாக வெட்டும். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் வைட்டமினை இறுகப் பிடித்துக்கொண்டு நமக்குக் கிடைக்கவிடாது. வெந்தால் அந்தப் பிடி தளர்கிறது.

பால் தயிராவதையும் இதற்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலின் முக்கியப் புரதமான கேசீனுக்கு அவிழ்வதற்கென்று இறுக்கமான மடிப்பே கிடையாது. புளிப்பு ஏறி அமிலநிலை 4.6 பிஎச் அளவை நெருங்கும்போது, கேசீன் துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டம் சமனாகிவிடுகிறது. அவை ஒன்றுசேர்ந்து உறைகின்றன. உறைவது வேறு, இயல்பிழப்பது வேறு. முட்டையில் இரண்டும் அடுத்தடுத்து நடப்பதால் குழம்பிவிடுகிறோம்.

டிஎன்ஏவுக்கும் இதே சொல் உண்டு. டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனையில் 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அதன் இரட்டை இழைகளைப் பிரிப்பதும் இயல்பிழத்தல்தான். ஆனால் 'டீநேச்சர்டு ஸ்பிரிட்' வேறு சங்கதி. குடிக்க முடியாதபடி எத்தனாலில் வேறு பொருள்களைக் கலக்கிறார்கள். எந்த மூலக்கூறும் அங்கே உருமாறுவதில்லை.

அவிழ்ந்தது மறுபடி மடியுமா? அமெரிக்க அறிவியலாளர் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன், 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் நொதியை யூரியாவும் இன்னொரு வேதிப்பொருளும் சேர்த்து முழுக்க அவிழ்த்தார். அவற்றை நீக்கியதும் அது தானாகவே மடிந்து மீண்டும் வேலை செய்தது. எப்படி மடிய வேண்டும் என்பது சரத்தின் வரிசையிலேயே எழுதியிருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. 1972-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முட்டை ஆறினாலும் பழையபடி ஆகாததற்குக் காரணம், சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான். 2015-ல் அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெந்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் குழாயில் இட்டுச் சிக்கெடுத்தார்கள். அதிலிருந்த லைசோசைம் என்ற நொதி மீண்டும் மடிந்து, வேலை செய்யத் தொடங்கியது.