பாட்ஷா நடந்தால் ஏன் இரண்டு மாடி உயரம் தெரிகிறது?

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண விருந்து. மண்டபத்து விளக்குகள் அணைந்தன. ஸ்பீக்கரில் ரஜினியின் 'பாட்ஷா' படப் பின்னணி இசை அதிர, மாப்பிள்ளை கறுப்புக் கோட்டில் உள்ளே வந்தார், பின்னால் தோழர்கள் ஆறு பேர். அந்த நடையையே நடக்கப் பார்த்தார்: காலைத் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக வைத்து. பாவம், எடுபடவில்லை. "மாப்பிள்ளைக்குக் கால்ல சுளுக்காய்யா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா என் காதில் கேட்டார்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. மண்டபத்துக்கு வெளியே காரிலிருந்து இறங்கி அவர் சாதாரணமாக, சொல்லப்போனால் கொஞ்சம் அவசரமாக நடந்து வந்ததை யாரோ ஒரு தம்பி கைபேசியில் ஸ்லோ மோஷனில் பிடித்திருந்தான். அதில் மாப்பிள்ளை ராஜா மாதிரி இருந்தார்.

மெதுவாக நடந்தபோது வராத கம்பீரம், வேகமாக நடந்ததில் எப்படி வந்தது? 1995 பொங்கலுக்கு வெளியான ஒரு படத்தை முப்பது வருடம் கழித்தும் நாம் சலிக்காமல் பார்ப்பதற்கான பதிலில் ஒரு பகுதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சுரேஷ் கிருஷ்ணாவின் இயக்கம், தேவாவின் இசை, ரகுவரனின் வில்லத்தனம் எல்லாம் இருக்கட்டும். நான் பேச வந்தது கேமராவையும் புவியீர்ப்பையும் பற்றி.

சினிமா வழக்கமாக விநாடிக்கு 24 படங்கள், அதாவது 24 பிரேம். எடுப்பதும் 24, திரையில் ஓட்டுவதும் 24 என்றால் நடை இயல்பாக இருக்கும். எடுக்கும்போது 48 பிரேமாக எடுத்து, ஓட்டும்போது அதே 24-இல் ஓட்டினால் ஒரு விநாடி இரண்டு விநாடியாக நீள்கிறது. அதனால்தான் படப்பிடிப்பில் இருப்பவர்கள் இதை 'ஹை ஸ்பீட் ஷாட்' என்பார்கள். நமக்கு மெதுவாகத் தெரிவது, கேமராவுக்குள் பிலிம் தலைதெறிக்க ஓடியதன் விளைவு.

பிலிம் காலத்தில் இது செலவு பிடித்த வேலை. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். 24-இல் எடுத்தால் நிமிடத்துக்கு 90 அடி. 400 அடிச் சுருள் நாலரை நிமிடம்கூட வராது, 48-இல் அதிலும் பாதி. போதாக்குறைக்கு ஒவ்வொரு பிரேமின் மீதும் ஒளி விழும் நேரமும் பாதியாகிவிடும், விளக்கு இரண்டு பங்கு வேண்டும். அப்புறம் சத்தம். பேச்சையும் பாதி வேகத்தில் ஓட்டினால் குரல் ஒரு ஸ்தாயி இறங்கிப் பூதம் பேசுவது போலாகும். ஆகவே அந்த இடத்தில் இசையமைப்பாளர்தான் பேசியாக வேண்டும். நடையையும் அந்த இசையையும் நம்மால் பிரித்து நினைக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கம்பீரத்துக்கு வருவோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிது. இளம் செம்பனையில் (எண்ணெய்ப்பனை) குலையை வெட்டினால் 'தொப்'பென்று உடனே கீழே கிடக்கும். வயதான மரத்தில் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் அறுத்தால், குலை கிளம்பியதற்கும் தரையில் விழும் சத்தத்துக்கும் இடையில் ஒருவர் ஒதுங்கிக்கொள்ளலாம். 4 மீட்டரிலிருந்து விழ ஏறத்தாழ 0.9 விநாடி, 16 மீட்டரிலிருந்து 1.8 விநாடி. உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டே மடங்குதான். ஊஞ்சலுக்கும் இதே கணக்கு: கயிறு நான்கு மடங்கு நீண்டால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மடங்கு நேரம். கால் என்பதும் கிட்டத்தட்ட ஓர் ஊஞ்சல்தானே? யானை நிதானமாக அடி வைப்பதாகத் தோன்றுவது அதன் பெருந்தன்மையால் அல்ல, கால் நீளத்தால்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு மனிதனின் நடையை இரண்டு மடங்கு மெதுவாக்கினால், அவன் நான்கு மடங்கு உயரமுள்ள உடம்பைப் போல அசைகிறான். 1.7 மீட்டர் ஆள் கிட்டத்தட்ட 7 மீட்டர் ஆகிறார், அதாவது இரண்டு மாடி. சினிமாக்காரர்களுக்கு இந்தச் சூத்திரம் நெடுநாள் பழக்கம். பொம்மைக் கப்பலையும் பொம்மைக் கட்டடத்தையும் நிஜம்போலக் காட்ட அவர்கள் கேமராவை வேகமாக ஓட்டுவார்கள். நான்கில் ஒரு பங்கு அளவு பொம்மைக்கு 48 பிரேம். ஹீரோவுக்கும் நம்மை அறியாமல் அதே வைத்தியம்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு. கண் அவரை மனிதன் என்கிறது, கோட்டு நுனி விழும் வேகம் அவரை மலை என்கிறது.

மண்டபத்தில் மாப்பிள்ளை தோற்றதும் இங்கேதான். காலை மெதுவாக்க அவரால் முடியும். ஆனால் கோட்டு, முன்நெற்றி முடி, கழுத்துச் செயின் எல்லாம் தம் பழைய வேகத்திலேயே ஆடின. புவியீர்ப்பை யாரும் நடித்துக் காட்ட முடியாது. சாதாரண வேகத்தில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் இழுத்து நீட்டும் கல்யாண வீடியோக்களும் இதே போலத் தடுக்குகின்றன. கேமரா பிடிக்காத பிரேமை எங்கிருந்து கொண்டுவருவது? ஒன்றையே இரண்டு முறை காட்டுவார்கள், நடை விக்கும்.

இன்னொரு பக்கம் மனம். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வன்செயல் பதிவான ஒரு காட்சியைச் சிலருக்கு இயல்பான வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், அவன் அதைத் தெரிந்தே, யோசித்தே செய்தான் என்று சொல்வது அதிகமாக இருந்தது. யோசிக்க அவனுக்கு நேரம் இருந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நீதிமன்றத்தில் இது ஆபத்து. சினிமாவிலோ பொன். ஹீரோ திரும்பிப் பார்ப்பது, கை ஓங்குவது எல்லாமே முன்பே முடிவு செய்தவை போலத் தோன்றும். அடிவாங்கிக்கொண்டு அமைதியாக நின்ற ஆட்டோக்கார மாணிக்கம் ஒருநாள் நிமிர்கிறார் என்றால், அதற்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் ஏது?

இடையில் ஒரு சின்னத் துரோகத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து வீட்டில் இந்தப் படத்தை வாடகை வீடியோ டேப்பில்தான் பார்த்தோம். அப்போது இங்கே டிவி 'பால்' (PAL) முறை (பால்மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), விநாடிக்கு 25 பிரேம். 24-இல் எடுத்த படத்தை 25-இல் ஓட்டி டேப்பாக்குவது வழக்கம். அப்படி ஆக்கிய டேப்பில் எல்லாமே 4 சதவீதம் வேகம், குரலும் ஒரு துளி கீச்சு. இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்பே முடிந்துவிடும். எங்கள் ஹீரோ தியேட்டர் ஹீரோவைவிடச் சற்றே குட்டை.

இதையெல்லாம் சரிபார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். நேற்று பசார் பக்கத்து ஒட்டுக்கடையில் அண்ணன் தே தாரிக் (உயர்த்தி இழுத்து ஆற்றும் தேநீர்) இழுத்துக்கொண்டிருந்தார். கை விரித்தால் குவளைக்கும் குவளைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர். தேநீர் கீழே போக அரை விநாடிகூட ஆகாது. கைபேசியை 120 பிரேமில் வைத்துப் பிடித்து, 30-இல் ஓட்டினேன். நான்கு மடங்கு மெதுவு, அப்படியென்றால் பதினாறு மடங்கு உயரம். தேநீர் ஏதோ முதிர்ந்த செம்பனையின் உச்சியிலிருந்து இறங்குவதுபோல நுரைத்து நுரைத்து இறங்கியது. பின்னால் மோட்டாரில் போன ஒருவர் மிதந்தார்.

அண்ணனிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "இந்த ஆள் யாருப்பா, கெத்தா இருக்கானே," என்றார். அப்புறம் மூன்றாவது முறை ஓட்டச் சொன்னார், குவளையைக் கையில் சாய்த்துப் பிடித்தபடியே. மீதித் தேநீர் காலில் கொட்டியது, இயல்பான வேகத்தில்.